வானூர்திப் பயணத் தடங்கல் இழப்பீடும் காரைக்கால் பயணிகளும்

வானூர்திப் பயணத் தடங்கல் இழப்பீடு என்பது, வானூர்தி தாமதமாகும்போதோ, பறப்பு இரத்து செய்யப்படும்போதோ, பயணச்சீட்டு வைத்திருந்தும் ஒருவர் ஏற்றிக்கொள்ளப்படாதபோதோ, வானூர்தி நிறுவனம் அப்பயணிக்குச் செய்ய வேண்டிய உதவிகளையும் தர வேண்டிய தொகையையும் குறிக்கும். இதற்கென உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரே சட்டம் இல்லை. பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று அடித்தளமாக அமைய, அதன் மேல் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா போன்றவை தத்தம் விதிகளை அமைத்துள்ளன. இவ்விதிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, பிரான்சுடன் நெருங்கிய குடும்பத் தொடர்பு கொண்ட காரைக்கால் நல்ல எடுத்துக்காட்டாகும். ஒரே குடும்பத்தினர், ஒரே ஊருக்கு, ஒரே நிறுவனத்தின் வானூர்தியில் சென்று திரும்பினாலும், போகும்போது ஒரு சட்டமும் வரும்போது வேறொரு சட்டமும் அவர்களுக்குப் பொருந்தக்கூடும்.

காரைக்காலும் வான்வழியும்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று. காவிரிக் கழிமுகத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டு, வங்கக் கடலோரமாக அமைந்துள்ளது. 1739 இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. ஆட்சி மாற்றத்துக்கான ஒப்பந்தம் 1956 மே 28 இல் கையெழுத்தானது. 1962 ஆகத்து 16 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்து அதனைப் பெற முடிந்தது. அவ்வாறு செய்தவர்களின் பிள்ளைகளும் பெயரப்பிள்ளைகளும் இன்று பாரிசு நகரிலும் அதன் புறநகர்களிலும் மிகுதியாக வாழ்கின்றனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரும் அவர்களது குடும்பத்தினரும் காரைக்காலில் உள்ளனர்.

காரைக்காலில் பயணிகள் வானூர்தி நிலையம் இல்லை. தனியார் துறையில் ஒன்று அமைக்க 2010களில் திட்டமிடப்பட்டது, அது நிறைவேறவில்லை. வெளிநாடு செல்வோர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளிக்கோ, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கோ சாலை வழியாகவோ தொடர்வண்டியிலோ செல்ல வேண்டும். கோடை விடுமுறையில் மாங்கனித் திருவிழாவுக்கும், திருமணங்களுக்கும், உறவினர் இறப்புக்கும் பிரான்சிலிருந்து வருவோரின் வழியும் இதுவே.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். காரைக்காலிலிருந்து வானூர்தி நிலையம் வரையிலான பயணம் எந்த வானூர்திச் சட்டத்தின் கீழும் வருவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனம் நின்றுபோனாலும், தொடர்வண்டி பிந்தினாலும், அதனால் வானூர்தியைத் தவறவிட்டவர் இழப்பீடு கேட்க இயலாது. ஆனால் பறப்பு இரத்தாகி, சென்னையிலிருந்து ஊருக்குத் திரும்ப ஆன வாடகைச் செலவு, நிறுவனத்தால் விளைந்த இழப்பு என்று கோரப்படக்கூடியது. ஆகவே வாடகை வண்டிக்கும் பற்றுச்சீட்டு வாங்கி வைப்பது பயன் தரும்.

தோற்றம்

வானூர்தி நிறுவனங்கள், வராமற்போகும் பயணிகளைக் கணக்கிட்டு, இருக்கைகளை விடக் கூடுதலான பயணச்சீட்டுகளை விற்பது நெடுங்கால வழக்கம். கணக்குத் தவறினால் எவரேனும் தரையில் நிற்க வேண்டியதாகும். 1972 ஏப்ரலில் அவ்வாறு நின்றவர்களுள் ஒருவர், அமெரிக்க நுகர்வோர் இயக்கத்தின் முன்னோடியான இரால்ஃப் நேடர். அவர் அலிகேனி ஏர்லைன்சு மீது தொடுத்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1976 இல் அவருக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. வழக்கைத் தொடர அவருக்குத் தடையில்லை என்று நீதிமன்றம் கூறியது. தாமே முன்வந்து இருக்கையை விட்டுத்தருவோரை முதலில் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மட்டுமே பிறரை இறக்கலாம், அவர்களுக்குத் தொகை தர வேண்டும் என்னும் அமெரிக்க ஒழுங்குமுறை இதனைத் தொடர்ந்து உருவானது. ஐரோப்பாவில் 1991 இல் இயற்றப்பட்ட முதல் விதியும் ஏற்றிக்கொள்ள மறுத்தலை மட்டுமே கருத்தில் கொண்டது. தாமதமும் இரத்தும் பின்னரே சேர்ந்தன.

மான்ட்ரியால் உடன்படிக்கை

பன்னாட்டு வான்வழிப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பை முதலில் வரையறுத்தது 1929 ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை ஆகும். அதற்கு மாற்றாக 1999 இல் மான்ட்ரியால் உடன்படிக்கை உருவானது. இந்தியாவில் இது 2009 சூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கேற்ப 1972 ஆம் ஆண்டின் வான்வழி ஏற்றிச்செல்லல் சட்டம் திருத்தப்பட்டது.

தாமதத்தால் பயணிக்கு ஏற்பட்ட இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு என்று இவ்வுடன்படிக்கையின் 19 ஆம் உறுப்புரை கூறுகிறது. இழப்பைத் தவிர்க்க இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிறுவனம் மெய்ப்பித்தால் பொறுப்பு நீங்கும். இங்கு நிலையான தொகை எதுவும் இல்லை. பயணி தம் இழப்பைச் சான்றுகளுடன் காட்ட வேண்டும். உச்சவரம்பு, அனைத்துலக நாணய நிதியத்தின் கணக்கு அலகான சிறப்பு எடுப்புரிமையில் குறிக்கப்படுகிறது. ஓர் அலகின் மதிப்பு ஓர் அமெரிக்க டாலரை விடச் சற்றுக் கூடுதல். தாமதத்துக்கான வரம்பு 2019 திசம்பர் 28 முதல் 5,346 ஆகவும், 2024 திசம்பர் 28 முதல் 6,303 ஆகவும் உயர்த்தப்பட்டது. பயணப் பொதி தொலைதல், சேதமடைதல், தாமதமாதல் ஆகியவற்றுக்கான வரம்பு அதே நாளில் 1,288 இலிருந்து 1,519 ஆக உயர்ந்தது. சேதமடைந்த பொதிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பொதிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு.

எந்த நாட்டு நீதிமன்றத்தை நாடலாம் என்பதையும் உடன்படிக்கை கூறுகிறது. நிறுவனத்தின் தலைமையிடம், பயணச்சீட்டு ஒப்பந்தம் செய்யப்பட்ட அதன் அலுவலகம் உள்ள இடம், சென்றடையும் இடம் ஆகியவை அவற்றுள் அடங்கும். சென்று திரும்பும் பயணச்சீட்டாயின், சென்றடையும் இடம் என்பது புறப்பட்ட இடமே. பாரிசில் வாங்கிய பாரிசு–சென்னை–பாரிசு சீட்டில் வரும் மகனுக்குச் சென்றடையும் இடம் பாரிசு. சென்னை–பாரிசு–சென்னை சீட்டில் அதே வானூர்தியில் வரும் தாய்க்கு அது சென்னை. இருவரும் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்திருந்தாலும் அவர்கள் நாடக்கூடிய நீதிமன்றங்கள் வேறுபடலாம்.

ஐரோப்பிய ஒன்றிய விதி

261/2004 என்ற எண் கொண்ட ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி 2004 பிப்ரவரியில் இயற்றப்பட்டு 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. பயணி தம் இழப்பை மெய்ப்பிக்க வேண்டிய தேவையின்றி, தொலைவை மட்டும் வைத்து நிலையான தொகை தருவது இதன் சிறப்பு. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 1,500 முதல் 3,500 வரை 400 யூரோ, அதற்கும் மேல் 600 யூரோ. பாரிசுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் என்பதால் காரைக்கால் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் 600 யூரோ என்னும் வரிசையே பொருந்தும். இது ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாக உரியது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 2,400 யூரோ ஆகும். பயணச்சீட்டுக் கட்டணம் இத்தொகையை விடக் குறைவாக இருந்தாலும் தொகை குறையாது. கட்டணமே இன்றிச் செல்லும் கைக்குழந்தை கணக்கில் வராது.

விதியின் எழுத்தில் தாமதத்துக்குப் பணம் குறிப்பிடப்படவில்லை; ஏற்றிக்கொள்ள மறுத்தலுக்கும் இரத்துக்கும் மட்டுமே இருந்தது. காண்டோர், ஏர் பிரான்சு ஆகிய நிறுவனங்கள் தொடர்பான வழக்குகளில் ஐரோப்பிய நீதிமன்றம் 2009 நவம்பர் 19 அன்று அளித்த தீர்ப்பு, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சென்றடைந்தவர்களும் அதே தொகைக்கு உரியவர்கள் என்று கூறியது. நிறுவனங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. 2012 அக்டோபரில் அந்நீதிமன்றம் அதனை மீண்டும் உறுதி செய்தது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் தாமதம் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்டதாயின் தொகையைப் பாதியாகக் குறைக்க இடமுண்டு. சென்றடைந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரமன்று. பயணிகள் இறங்குவதற்காகக் கதவு திறக்கப்படும் நேரமே என்று 2014 இல் தீர்ப்பானது. இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடத்தில் தரையிறங்கி, கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆனால், அந்தப் பத்து நிமிடம் முந்நூறு யூரோ பெறும்!

பணத்தைத் தவிரக் கவனிப்புக் கடமையும் உண்டு. உணவு, தொலைபேசி வசதி, இரவு தங்க நேர்ந்தால் விடுதி, அங்கு சென்றுவர வாகனம் ஆகியவற்றை நிறுவனம் தர வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். பயணியின் கையெழுத்திட்ட ஒப்புதல் இன்றிப் பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தரலாகாது.

எந்தப் பயணத்துக்குப் பொருந்தும்

காரைக்கால் வாசகர் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. கையிலுள்ள கடவுச்சீட்டு பிரெஞ்சு என்றால் ஐரோப்பிய உரிமையும் கூடவே வரும் என்னும் எண்ணம் எளிதில் எழக்கூடியது. அது தவறு. இவ்விதி குடியுரிமையைப் பார்ப்பதில்லை. வானூர்தி எங்கிருந்து புறப்பட்டது, அதனை இயக்கியது எந்த நாட்டு நிறுவனம் என்னும் இரண்டை மட்டுமே பார்க்கிறது. ஒன்றியத்தின் வானூர்தி நிலையத்திலிருந்து புறப்படும் எல்லா நிறுவனங்களின் பறப்புகளும் இதில் அடங்கும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் பறப்பாயின், ஒன்றிய நாட்டு நிறுவனம் இயக்கினால் மட்டுமே அடங்கும்.

இதன்படி, பாரிசிலிருந்து புறப்படும் ஏர் இந்தியா வானூர்தி ஐந்து மணி நேரம் பிந்தினால், இந்தியக் கடவுச்சீட்டுடன் அதில் வரும் திருநள்ளாற்றுக்காரருக்கு 600 யூரோ கோர உரிமை உண்டு. மறுமுறை அதே ஏர் இந்தியாவில் இந்தியாவிலிருந்து பாரிசுக்குப் போகும்போது அதே ஐந்து மணி நேரம் பிந்தினால், பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் அந்த உரிமை இல்லை. சென்னையிலிருந்து ஏர் பிரான்சிலோ லுஃப்தான்சாவிலோ சென்றால் இரு திசையிலும் உரிமை உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து கொழும்பு வழியாகச் சிறீலங்கன் ஏர்லைன்சில் போவோருக்கும், துபாய் வழியாக வளைகுடா நிறுவனங்களில் போவோருக்கும் பாரிசிலிருந்து வரும் திசையில் மட்டுமே உண்டு.

சென்று திரும்பும் சீட்டு ஒரே பயணமாகக் கருதப்படாதா என்ற கேள்வி எழலாம். எமிரேட்சு நிறுவனத்தில் செருமனியிலிருந்து மணிலா சென்று திரும்பிய பயணி ஒருவரின் வழக்கில் இது எழுந்தது. போவது ஒரு பறப்பு, வருவது வேறு பறப்பு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008 சூலை 10 அன்று தீர்ப்பளித்தது. மாறாக, ஒரே முன்பதிவில் ஒரே திசையில் உள்ள இணைப்பு வானூர்திகள் ஒரே பயணமாகும் என்று 2018 மே 31 இல் இராயல் ஏர் மரோக் வழக்கில் கூறியது. ஆகவே பாரிசு–துபாய்–சென்னை என்று ஒரே முன்பதிவில் வருபவர், பாரிசில் நேரத்துக்குப் புறப்பட்டுத் துபாயில் இணைப்பு வானூர்தி பிந்தியதால் தாமதமாக வந்தாலும் ஐரோப்பிய விதியின் கீழ் கோரலாம். இரு சீட்டுகளையும் தனித்தனியே வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லாமற்போகும். விலை மலிவு என்று தில்லி வரை ஒரு சீட்டும் அங்கிருந்து பாரிசுக்கு மற்றொன்றும் வாங்குவோர், மிச்சப்படுத்திய தொகைக்கு எதனை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்து வாங்குவது நல்லது.

இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவிலும் தமிழ் வம்சாவளியினர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அத்தீவு புவியியல்படி ஆப்பிரிக்காவை அடுத்திருந்தாலும், பிரான்சின் பகுதியாக ஒன்றியச் சட்டத்துக்கு உட்பட்டது. எனவே அங்கிருந்து புறப்படும் பறப்புகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நோர்வேயும் ஒப்பந்தங்கள் மூலம் இதனை ஏற்றுள்ளன.

அசாதாரணச் சூழ்நிலை

எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தும் தவிர்த்திருக்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை காரணமாயின் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. கோரிக்கைகளை மறுக்கும் கடிதங்களில் பெரும்பாலும் இச்சொல்லே காணப்படும். புயல், அரசியல் கலவரம், பாதுகாப்பு அச்சுறுத்தல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் வேலைநிறுத்தம் போன்றவை இதில் அடங்கும். 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னை வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை நீரில் மூழ்கி நிலையம் சில நாட்கள் மூடப்பட்டதும், 2023 திசம்பரில் மிச்சாங் புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போதும் மூடப்பட்டதும் ஐயத்துக்கு இடமில்லாத எடுத்துக்காட்டுகள். கழிமுகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பயணம் செய்வோர் இதனை எதிர்பார்க்கவே வேண்டும்.

ஆனால் "தொழில்நுட்பக் கோளாறு" என்னும் விடை போதுமானதன்று. பொறிகளில் வழக்கமாக ஏற்படும் பழுதுகள் நிறுவனத்தின் அன்றாடப் பணியைச் சேர்ந்தவை என்று அலித்தாலியா வழக்கில் 2008 திசம்பர் 22 இல் முடிவானது. நிறுவனத்தின் சொந்த ஊழியர் திடீரென்று பணிக்கு வராமற்போவதும் அவ்வாறே என்று 2018 ஏப்ரல் தீர்ப்பு ஒன்று கூறியது. மேலும், சூழ்நிலை அசாதாரணமானாலும் நீங்குவது பணக் கடமை மட்டுமே. உணவும் தங்குமிடமும் தர வேண்டிய கடமை நீங்காது. 2010 ஏப்ரலில் ஐசுலாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது பயணியைக் கவனிக்காமல் விட்ட ரயன்ஏர் நிறுவனத்தின் வழக்கில் 2013 சனவரி 31 இல் இது தெளிவாக்கப்பட்டது.

இந்திய விதி

இந்தியாவில் குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2010 ஆகத்து முதல் இதற்கான விதியை நடைமுறைப்படுத்தி வருகிறது. 2016 ஆகத்தில் தொகைகள் உயர்த்தப்பட்டன. இதன்படி, ஏற்றிக்கொள்ள மறுக்கப்பட்ட பயணிக்கு ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்றுப் பறப்பு தரப்பட்டால் இழப்பீடு இல்லை. மாற்றுப் பறப்பு 24 மணி நேரத்துக்குள் எனில், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இருமடங்கு, 10,000 ரூபாய்க்கு மிகாமல் தரப்பட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேலானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய்க்கு மிகாமல். உரிய முன்னறிவிப்பு இன்றி இரத்து செய்யப்பட்டால், பறப்பு நேரம் ஒரு மணி வரை எனில் 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய். ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதை விடக் குறைவாயின் அக்குறைந்த தொகை. சென்னையிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டியவருக்கும் இதே 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதைக் கருதினால், 600 யூரோவுடன் உள்ள இடைவெளி விளங்கும்.

தாமதத்துக்கு இந்திய விதியில் பணமே இல்லை. பறப்பு நேரத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று அல்லது நான்கு மணி நேரத் தாமதத்துக்குப் பின் உணவும் சிற்றுண்டியும் தரப்பட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதமாயின் மாற்றுப் பறப்போ முழுக் கட்டணமோ கேட்கலாம். 24 மணி நேரத்துக்கு மேலானாலும், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தினாலும் விடுதி வசதி உண்டு. ஐரோப்பா செல்லும் பல பறப்புகள் நள்ளிரவை ஒட்டியே புறப்படுவதால் இந்தப் பிற்பகுதி பயனுள்ளது. காரைக்காலுக்குத் திரும்பிப் போய் வர இயலாதவருக்கு இது சிறிய உதவியன்று. பதிவு செய்ததை விடத் தாழ்ந்த வகுப்பில் அமர்த்தப்பட்டவர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் விதி 2023 பிப்ரவரி 15 முதல் சேர்க்கப்பட்டது. உள்நாட்டுப் பயணத்தில் இது 75 விழுக்காடு. வெளிநாட்டுப் பயணத்தில் தொலைவுக்கேற்ப 30, 50 அல்லது 75 விழுக்காடு.

அதிகம் கவனிக்கப்படாத ஒரு நிபந்தனை இவ்விதியில் உள்ளது. முன்பதிவின்போது போதிய தொடர்பு விவரம் தராதவருக்கு இரத்துக்கான இழப்பீடு இல்லை. சிற்றூர்களில் பயண முகவர் வழியாகச் சீட்டு எடுக்கும்போது முகவரின் தொலைபேசி எண்ணே பதிவாவது உண்டு. இரத்துச் செய்தி முகவருக்குச் சென்று, பயணிக்கு எட்டாமற்போனால், முன்னறிவிப்புக் கொடுத்தாயிற்று என்று நிறுவனம் கூற இடம் ஏற்படுகிறது. தம் சொந்த எண் பதிவாகியுள்ளதா என்று பார்த்துக்கொள்வது ஒரு நிமிட வேலை.

2025 திசம்பர்த் தொடக்கத்தில், விமானிகளின் பணிநேரம் குறித்த புதிய விதிகளுக்கேற்ப ஆட்களை ஒழுங்கு செய்யாததால் இண்டிகோ நிறுவனம் சில நாட்களில் ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்து செய்தது. நாடெங்கும் பயணிகள் வானூர்தி நிலையங்களில் தவித்தனர். இந்திய இழப்பீட்டுத் தொகைகள் நிறுவனங்களைத் திருத்தும் அளவுக்குப் போதுமானவையா என்னும் கேள்வி அப்போது மீண்டும் எழுந்தது.

நுகர்வோர் ஆணையங்கள்

இந்தியப் பயணிக்கு உண்மையான வலிமை, மேற்கண்ட விதியை விட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே உள்ளது. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம் என்பது புதிய சட்டத்தின் முக்கியமான மாற்றம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் ஆணையங்கள் தொகை விதிப்பதுண்டு. தந்தையின் இறுதிச் சடங்குக்கு வர இயலாமற்போன மகனுக்கு ஐரோப்பிய விதி தருவதும், சுற்றுலாப் பயணிக்குத் தரும் அதே 600 யூரோதான். மன வேதனையை எடுத்துரைக்கும் வாய்ப்பு இந்திய ஆணையத்தில் உண்டு.

எனினும் எல்லா முறையீடுகளும் வெல்வதில்லை. 2007 திசம்பரில் தில்லியில் மூடுபனியால் பல மணி நேரம் வானூர்திக்குள்ளேயே அமர்ந்திருக்க நேர்ந்த ஐதராபாத்துப் பயணி ஒருவரின் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2011 சூலையில் இண்டிகோவின் உரிமையாளரான இன்டர்குளோப் ஏவியேசனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மூடுபனி நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது அதன் காரணம். ஆனால் குறைந்த கட்டண நிறுவனம் என்பதைக் காட்டி, தேவையான குறைந்தபட்ச வசதிகளைத் தரும் கடமையிலிருந்து விலக இயலாது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உள்ளது.

பிற நாடுகள்

ஒன்றியத்திலிருந்து விலகிய ஐக்கிய இராச்சியம் அதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டு 220, 350, 520 பவுண்டு என்று தொகைகளை மாற்றியது. தமிழர் மிகுதியாக வாழும் கனடாவில் 2019 இல் தனி ஒழுங்குவிதிகள் வந்தன. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த தாமதத்துக்குப் பெரிய நிறுவனங்கள் 400 முதல் 1,000 கனடிய டாலர் வரை தர வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் தாமதத்துக்குப் பண இழப்பீடு இல்லை; இரத்தானாலோ பெரிதும் தாமதமானாலோ பயணத்தைக் கைவிடுபவருக்குக் கட்டணம் திருப்பித் தரப்படும், ஏற்றிக்கொள்ள மறுத்தலுக்குத் தொகை உண்டு. மலேசியாவில் 2016 முதல் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு உள்ளது. இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு உணவும், ஐந்து மணிக்கு மேல் தேவைப்படின் விடுதியும் தரப்பட வேண்டும்.

கோரும் முறை

முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்க வேண்டும். இரத்து அல்லது தாமதத்துக்கான காரணத்தை வானூர்தி நிலையத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெறுவது பின்னர் மிகவும் உதவும். போர்டிங் பாசு, பி.என்.ஆர். எண், உணவு, விடுதி, வாகனச் செலவுகளின் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். இந்தியாவில் அடுத்த நிலையாக, 2016 நவம்பரில் தொடங்கப்பட்ட ஏர்சேவா இணைய வழியில் முறையிடலாம். பிரான்சில் சுற்றுலா, பயண நடுவரை நாடலாம்.

கால வரம்பு பெரிதும் வேறுபடும். ஐரோப்பிய விதியில் கால வரம்பு கூறப்படவில்லை. அது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது என்று 2012 நவம்பரில் தீர்ப்பானது. பிரான்சில் இது ஐந்து ஆண்டுகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் பாரிசிலிருந்து வரும்போது பிந்திய வானூர்திக்கு இன்றும் கோரலாம். அதே காலத்தில் சென்னையில் தொலைந்த பெட்டிக்கு மான்ட்ரியால் உடன்படிக்கையின் இரண்டு ஆண்டுகள் முடிந்திருக்கும். தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு கோரிக்கையை நடத்தித்தரும் தனியார் நிறுவனங்களும் உள்ளன. பிரெஞ்சு மொழி தெரியாத முதியவர்களுக்கு இவை உதவலாம்; மற்றவர்கள் ஒரு பக்கக் கடிதத்தில் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

2025 சூனில் ஒன்றிய உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள், மூன்று மணி நேர வரம்பை 3,500 கிலோமீட்டர் வரை நான்கு மணியாகவும் அதற்கு மேல் ஆறு மணியாகவும் உயர்த்தி, 600 யூரோவை 500 ஆகக் குறைக்கும் நிலைப்பாட்டை எடுத்தனர். ஐரோப்பிய நாடாளுமன்றம் மூன்று மணி நேர வரம்பு நீடிக்க வேண்டும் என்று அதனை எதிர்த்தது. அமைச்சர்கள் கேட்டவாறு சட்டம் மாறினால், சென்னைக்கு ஐந்து மணி நேரம் பிந்தி வந்துசேரும் வானூர்தியின் பயணிக்கு இத்தொகை கிடைக்காது.